வானத்துக் குவாசர்களை எண்ணிப் பார்ப்பது எப்படி: திருப்பூரிலிருந்து ஒரு செய்முறை

அக்கா மகன் ஈரோட்டில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறான். தீபாவளி லீவுக்கு வீட்டுக்கு வந்தபோது என் லேப்டாப்பில் முழு வானத்தின் குவாசர் வரைபடம் திறந்திருந்தது. (குவாசர் என்பது வெகு தூரத்து விண்மீன் மண்டலத்தின் பளிச்சென்ற மையம், விவரம் பின்னால்.) முட்டை வடிவத்தில் ஒரு படம், அது நிறையப் புள்ளிகள், குறுக்கே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரு கருப்புப் பட்டை.

"ஏனுங் மாமா, நடுவுல கிழிஞ்ச மாதிரி இருக்குது?" என்றான்.

"கிழியல கண்ணு. அங்க நம்ம பால்வீதி குறுக்க நிக்குது. அதுக்குப் பின்னாடி இருக்கறது நமக்குத் தெரியறதில்ல, அவ்வளவுதான்."

"செரி, இந்த வளைவு வளைவா கோடு ஓடுதே, அது?"

அந்த இரண்டாவது கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க இரவு பதினொன்றாகிவிட்டது. அன்று அவனுக்குச் சொன்னதையும், அவனே செய்து பார்த்துச் சொதப்பியதையும் சேர்த்து எழுதியிருக்கிறேன். பைத்தானில் நாலு வரி எழுதத் தெரிந்தால் போதும், இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் நீங்களும் 13 லட்சம் குவாசர்களை எண்ணிவிடலாம். எண்ணுவது சுலபம். எண்ணி வந்த கணக்கை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதில்தான் வேலை இருக்கிறது.

நான் வானியல் படித்தவன் இல்லை. பனியன் துணி செக்கிங்கில் இருபது வருஷம் ஓட்டியவன். எங்கள் வேலையில் ஜிஎஸ்எம் பார்ப்பது தினப்படிக் காரியம். வட்டமான கட்டரைத் துணிமேல் வைத்து அழுத்தித் திருகினால் 100 சதுர சென்டிமீட்டர் துண்டு வரும். அதைத் தராசில் வைத்து, வந்த கிராமை நூறால் பெருக்கினால் ஒரு சதுர மீட்டர் துணியின் எடை. ஒரே இடத்தில் வெட்டிப் பார்த்துவிட்டு லாட்டைப் பாஸ் பண்ண மாட்டோம். இந்த ஓரம், அந்த ஓரம், நடு என்று ஐந்தாறு இடத்தில் வெட்டுவோம். மடிப்பு விழுந்த இடத்தில் வெட்ட மாட்டோம். குவாசர் கணக்கெடுப்பும் இதே வேலைதான். வானத்தில் சம அளவாகத் துண்டு போட்டு, ஒவ்வொன்றிலும் எத்தனை இருக்கிறது என்று பார்க்கிறோம்.

எதை எண்ணுகிறோம்

ஒரு விண்மீன் மண்டலத்தின் மையத்தில் இருக்கும் ராட்சதக் கருந்துளைக்குள் வாயு சுழன்று விழும்போது அந்த வாயு சூடேறி ஒளிர்கிறது. அந்த மண்டலத்தின் எல்லா விண்மீன்களையும் சேர்த்தாலும் ஈடாகாத வெளிச்சம். அதுதான் குவாசர். தூரம் மிக அதிகம் என்பதால் தொலைநோக்கியில் சாதாரண விண்மீன் போல ஒரு புள்ளியாகத்தான் தெரியும். இந்தத் தொழிலின் பாதிச் சிக்கல் இங்கேயே ஆரம்பிக்கிறது: புள்ளிகளுக்கு நடுவே எது விண்மீன், எது குவாசர்?

முதலில் பிடிபட்டது 3சி 273 என்ற ரேடியோ மூலம். 1962இல் நிலா அதன் குறுக்கே கடந்தபோது, ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் சிரில் ஹசார்டும் கூட்டாளிகளும் அது இருக்கும் இடத்தைத் துல்லியமாகக் குறித்தார்கள். ரேடியோ அலை எந்த நொடியில் மறைந்தது, எந்த நொடியில் திரும்பி வந்தது என்று பார்த்தால் நிலாவின் விளிம்பே அளவுகோல் ஆகிவிடும். 1963இல் மார்ட்டென் ஷ்மிட் அந்தப் புள்ளியின் நிறமாலையைப் படித்தார். கோடுகள் எல்லாம் 15.8 சதவீதம் சிவப்புப் பக்கம் நகர்ந்திருந்தன. சுமார் 240 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கிற பொருள் அது.

இதே நிலா மறைப்பு உத்திக்காகத்தான் ரேடியோ வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப் ஊட்டி முத்தொரையில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் உள்ள ரேடியோ தொலைநோக்கியைக் கட்டினார். 1970இல் வேலை செய்யத் தொடங்கியது. நம் அட்சரேகை 11 டிகிரி. அதே 11 டிகிரி சரிவுள்ள மலைச்சரிவைத் தேடிப் பிடித்து வடக்கு தெற்காக வைத்ததால், அந்த நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாகப் படுத்திருக்கிறது. ஒரே அச்சில் திருப்பினாலே ஒரு ரேடியோ மூலத்தை மணிக்கணக்கில் தொடரலாம். மேட்டுப்பாளையத்துக்காரர்கள் அண்ணாந்து பார்க்கிற மலையின் மேலேயே இந்தக் கதையின் ஒரு துண்டு இருக்கிறது என்பதில் எனக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

எந்தப் பட்டியலை எடுப்பது

நாம் தொலைநோக்கி வாங்கி எண்ணப் போவதில்லை. எண்ணியவர்கள் பட்டியலை இலவசமாகப் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம் உண்டு. குணம் தெரியாமல் இறக்காதீர்கள்.

ஸ்லோன் டிஜிட்டல் ஸ்கை சர்வேயின் பதினாறாவது வெளியீட்டில் 7,50,414 குவாசர்கள் உள்ளன. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள 2.5 மீட்டர் தொலைநோக்கியில், அலுமினியத் தட்டுகளில் துளை போட்டு, ஒவ்வொரு துளையிலும் கையாலேயே ஒளியிழை செருகி, ஒரு தட்டுக்கு ஆயிரம் வரை நிறமாலைகள் எடுத்தார்கள். அதனால் செம்பெயர்ச்சி, அதாவது தூரக் கணக்கு, மிக நம்பகமானது. ஆனால் பார்த்தது வானத்தில் மூன்றில் ஒரு பங்குதான். படத்தில் போட்டால் வடக்கே ஒரு பெரிய திட்டு, தெற்கே ஒரு சின்னத் திட்டு. திட்டுக்கு வெளியே குவாசர் இல்லை என்று அர்த்தமில்லை. அந்தப் பக்கம் யாரும் பார்க்கவில்லை. இன்னொரு சங்கதி: ஒரே தட்டில் 62 விகலைக்குள் (ஒரு விகலை என்பது டிகிரியில் 3,600இல் ஒரு பங்கு) இரண்டு இழைகளைச் செருக முடியாது, இழையின் தலை தடிமன். அதனால் நெருங்கிய ஜோடிகளில் ஒன்று விடுபடும்.

நான் புதியவர்களுக்குச் சொல்வது குவாயா. ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் கையா செயற்கைக்கோள் 66 லட்சம் பொருள்களைக் குவாசராக இருக்கலாம் என்று குறித்தது. அதில் நிறைய விண்மீன்களும் கலந்திருந்தன. வைஸ் என்ற அகச்சிவப்புத் தொலைநோக்கியின் நிறங்களோடு ஒப்பிட்டும், இடம் நகர்கிறவற்றைத் தள்ளியும் சலித்தார்கள். விண்மீன் வருஷா வருஷம் துளித்துளியாக நகரும். குவாசர் அத்தனை தூரத்தில் இருந்துகொண்டு நகர்வது தெரியாது. சலித்த பின் ஜி பொலிவு (கையா அளந்த பொலிவு எண், எண் கூடக் கூட மங்கல்) 20.5 வரை 12,95,502 குவாசர்கள். முழு வானம். கூடவே, எந்த இடத்தில் எவ்வளவு பிடிபட்டிருக்கும் என்று காட்டும் தேர்வு வரைபடம் ஒன்றும் தருகிறார்கள். அதற்காகவே இந்தப் பட்டியலை எடுக்கலாம். ஒரு குறை: கையாவின் நிறமாலை மிக மங்கலானது, ஆகவே தூரக் கணக்கு ஸ்லோன் அளவுக்குத் துல்லியம் இல்லை.

கேட்வைஸ் என்ற அகச்சிவப்புப் பட்டியலிலிருந்து பிரித்தெடுத்த குவாசர் தொகுப்பும் உண்டு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், அதில்தான் சண்டை நடக்கிறது.

லேப்டாப்பில்

8 ஜிபி ராம் உள்ள சாதாரண லேப்டாப் போதும். பைத்தானில் நம்பை, மேட்பிளாட்லிப், ஆஸ்ட்ரோபை, ஹீல்பை நான்கும் வேண்டும். விண்டோஸில் ஹீல்பை நேராக ஏறாமல் அடம்பிடிக்கும். என் மருமகப்பிள்ளை ஒரு முழு ராத்திரியை அதில் தொலைத்தான். விண்டோஸுக்குள் லினக்ஸ் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது கூகுள் கோலாபில் செய்யுங்கள். நிரல் எழுதவே பிடிக்காதவர்கள் டாப்கேட் என்ற இலவச மென்பொருளில் பட்டியலைத் திறந்து, பொத்தானை அழுத்தியே முதல் படத்தைப் பார்த்துவிடலாம். நானும் அதில்தான் தொடங்கினேன்.

பட்டியலைத் திறந்தால் ஒவ்வொரு குவாசருக்கும் இரண்டு எண்கள் முக்கியம். வலஏற்றம், 0 முதல் 360 டிகிரி. நடுவரை விலக்கம், தெற்கே −90 முதல் வடக்கே +90 வரை. பூமியின் தீர்க்கரேகை, அட்சரேகையை வானத்தில் ஒட்டியது போல. முதலில் இந்த இரண்டையும் வைத்துப் புள்ளி போட்டுப் பாருங்கள். 13 லட்சமும் போட்டால் படம் மை கொட்டிய மாதிரி ஆகிவிடும். நூற்றில் ஒன்றை மட்டும் எடுங்கள்.

சமமாகப் பெட்டி போடுவது

இந்த இடத்தில் நான் விழுந்தேன். வலஏற்றத்தில் ஒரு டிகிரி, நடுவரை விலக்கத்தில் ஒரு டிகிரி என்று சதுரம் சதுரமாகக் கட்டம் போட்டு எண்ணினேன். துருவங்களை நோக்கிப் போகப் போகக் குவாசர் குறைந்துகொண்டே வந்தது! இரண்டு நாள் தலைகால் புரியவில்லை. பெரிதாக எதையோ கண்டுபிடித்துவிட்டதாக வீட்டில்கூடச் சொல்லிவிட்டேன். அப்புறம்தான் உறைத்தது. ஆரஞ்சுச் சுளை நடுவில் அகலம், நுனியில் கூர். 60 டிகிரி விலக்கத்தில் அந்தக் 'கட்டம்' நடுவரையில் இருக்கும் கட்டத்தில் பாதிப் பரப்புதான். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு அளவுக் கட்டரால் துணி வெட்டிவிட்டு எடை குறைகிறது என்று புலம்பியிருக்கிறேன்.

இதற்குத்தான் ஹீல்பிக்ஸ். கோளத்தைச் சம பரப்புள்ள பெட்டிகளாகப் பிரிக்கிற முறை இது. என்சைடு என்று ஒரு எண் கொடுக்க வேண்டும். 64 கொடுத்தால் வானம் 49,152 பெட்டிகளாகும். ஒவ்வொன்றும் சுமார் 0.84 சதுர டிகிரி. முழு வானம் 41,253 சதுர டிகிரி. குவாயாவை அதில் போட்டால் பெட்டிக்குச் சராசரி 26 குவாசர்கள். சதுர டிகிரிக்கு 31. கணக்கைக் கண்முன் கொண்டுவர வேண்டுமானால், முழுநிலா மறைக்கிற இடத்துக்குப் பின்னால் இந்தப் பட்டியலில் உள்ள குவாசர்கள் ஆறு இருக்கும்.

ஹீல்பையில் இரண்டு கண்ணிகள் உண்டு. அது கோணத்தை வட துருவத்திலிருந்து, அதுவும் ரேடியனில் எதிர்பார்க்கும். டிகிரியில் தருகிறேன் என்று தனியாகச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சில நேரம் பிழைச் செய்தி வரும், சில நேரம் வராமல் தப்பான வானம் வரும். இரண்டாவது, பெட்டிகளுக்கு எண் வைப்பதில் வளைய முறை, அடுக்கு முறை என்று இரண்டு. உங்கள் எண்ணிக்கை ஒன்றிலும் தேர்வு வரைபடம் மற்றொன்றிலும் இருந்தால் கலைத்துப் போட்ட சீட்டுக்கட்டு மாதிரி படம் வரும். அப்படி வந்தால் பதற வேண்டாம், இதைத்தான் முதலில் பாருங்கள்.

பட்டையை வெட்டி எறிவது

இப்போது படத்தில் அந்தக் கருப்புப் பட்டை தெரியும். பால்வீதியின் தட்டில் இருக்கும் தூசு பின்னால் இருந்து வரும் ஒளியைத் தின்றுவிடுகிறது. தப்பி வருவதையும் விண்மீன் நெரிசல் மறைத்துவிடுகிறது. தெற்கே இரண்டு ஓட்டைகள் தனியாகத் தெரியும், அவை பெரிய, சிறிய மெகல்லன் மேகங்கள்.

ஆஸ்ட்ரோபையில் ஆயங்களைப் பால்வீதி ஆயங்களாக மாற்றுங்கள். பால்வீதியின் நடுத்தளம் அதில் பூஜ்ஜிய அட்சம். இரு பக்கமும் 30 டிகிரி வரை உள்ள பெட்டிகளைக் கணக்கிலிருந்து நீக்குங்கள். 30 என்றால் சரியாகப் பாதி வானம் போய்விடும். மனசு கேட்காது. 20 டிகிரியோடு நிறுத்தினால் மூன்றில் இரண்டு பங்கு மிஞ்சும், ஆனால் மிஞ்சியதில் தூசின் ஓரமும் இருக்கும். மடிப்பு ஓரத்தில் ஜிஎஸ்எம் வெட்டக் கூடாது என்பது எனக்குப் பழகிய விஷயம் என்பதால் நான் 30 பக்கம். தூசு எங்கே எவ்வளவு என்று அறிய ஷ்லெகல், ஃபிங்க்பைனர், டேவிஸ் மூவரும் 1998இல் வெளியிட்ட வரைபடம் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. அதை உங்கள் எண்ணிக்கைப் படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 40 டிகிரி உயரத்தில்கூடத் தூசின் மெல்லிய இழைகள் இருக்கும், அதே இடத்தில் உங்கள் குவாசர்களும் மெலிந்திருக்கும்.

நீடில் லைன்

மருமகப்பிள்ளை கேட்ட வளைவுக் கோடுகளுக்கு வருவோம். நிட்டிங் மெஷினில் ஓர் ஊசி கெட்டிருந்தால் துணி நெடுகிலும் ஒரே கோடு விழும். நீடில் லைன் என்போம். புதிதாக வேலைக்கு வந்த பையன் அதைப் பார்த்ததும் நூல் சரியில்லை என்பான். கோடு நேராக, ஒரே சீராக ஓடினால் நூலைத் திட்டுவதற்கு முன் மெஷினைப் போய்ப் பார்க்கச் சொல்வோம்.

கையா ஒரு மெஷின்தான். ஆறு மணி நேரத்துக்கு ஒரு சுற்று சுற்றிக்கொண்டே, சூரியனிடமிருந்து எப்போதும் 45 டிகிரி சாய்வு வைத்து வானத்தைத் துடைத்துப் பார்த்தது. இதனால் எல்லா இடத்தையும் சம தடவை பார்க்கவில்லை. சூரியப் பாதையிலிருந்து 45 டிகிரி தள்ளி உள்ள வளையங்களில் அதிகத் தடவை, சூரியப் பாதையை ஒட்டி குறைவு. அதிகம் பார்த்த இடத்தில் மங்கலான குவாசரும் சிக்கும். குறைவாகப் பார்த்த இடத்தில் நழுவும். வளைவுகள் எல்லாம் அந்தத் துடைப்பின் தடம்.

அகச்சிவப்புப் பட்டியலுக்கும் இதே நோய், வடிவம் மட்டும் வேறு. வைஸ் துருவத்துக்குத் துருவம் சுற்றியதால் சூரியப் பாதையின் துருவங்களில் பார்வை குவிந்தது. கேட்வைஸ் குவாசர்களை எண்ணியவர்கள் சூரியப் பாதையிலிருந்து விலக விலக எண்ணிக்கை சீராக மாறுவதைக் கண்டு அதைத் திருத்திவிட்டுத்தான் மேலே போனார்கள்.

சரி, நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? எளிய சோதனை ஒன்று. பட்டியலை 20.5இல் நிறுத்தாமல் 20.0இலேயே வெட்டுங்கள். 7,55,850 குவாசர்கள் மிஞ்சும். மங்கலானவை போய்விடும். மறுபடி படம் போடுங்கள். ஒரு வளைவு அழிந்துபோனால் அது மெஷின் போட்டது. அப்படியே நின்றால் அடுத்த கேள்வி கேட்கலாம். பல்லடத்திலிருந்து உடுமலை போகிற பஸ்ஸில் ஜன்னல் வழியாகக் காற்றாலை எண்ணினால், பனிமூட்டமான காலையில் ஒரு கணக்கு வரும், பளிச்சென்ற மத்தியானத்தில் வேறு கணக்கு. பக்கத்தில் இருக்கும் காற்றாலைகளை மட்டும் எண்ணினால் இரண்டு கணக்கும் ஒத்துப்போகும். 20.0இல் வெட்டுவது அதுதான்.

இதன் பிறகு தேர்வு வரைபடத்தை எடுத்து, ஒவ்வொரு பெட்டியின் எண்ணிக்கையையும் அந்தப் பெட்டியின் தேர்வு அளவால் வகுங்கள். அளவு 0.5க்குக் கீழ் உள்ள பெட்டிகளைத் தூக்கிவிடுங்கள். மூன்றைப் பத்தில் ஒன்றால் வகுத்து முப்பது என்று சொல்வதில் அர்த்தமில்லை.

போலி வானம்

எல்லாம் திருத்திய பின்னும் பெட்டிகள் சமமாக இருக்காது. சராசரி 26 என்றால் தற்செயல் ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், சுமார் 5. ஆகவே ஒரு பெட்டியில் 19, பக்கத்தில் 33 என்பது சாதாரணம். 49,152 பெட்டிகள் இருக்கும்போது சிலவற்றில் 48, 50 கூட வெறும் தற்செயலாகவே வரும். அந்தப் பெட்டியைப் பெரிதாக்கிப் பார்த்தால் மாலை மாதிரி, ஆறு மாதிரி ஏதாவது தெரியும். ஏழு விண்மீனைப் பார்த்து ஏழு முனிவர்களைக் கண்டவர்கள் நாம்.

பெரிய ஆய்வாளர்களுக்கும் இது நடக்கும். 2013இல் ரோஜர் கிளவ்ஸ் குழு ஸ்லோன் பட்டியலில் 73 குவாசர்கள் கொண்ட ஒரு மாபெரும் கூட்டத்தை அறிவித்தது. நீளம் சுமார் 400 கோடி ஒளியாண்டு. பிரபஞ்சம் பெரிய அளவில் சீரானது என்ற அடிப்படைக்கே இது இடிக்கிறது என்று பேச்சு வந்தது. அதே ஆண்டில் சேஷாத்ரி நடாதூர் ஒரு வேலை செய்தார். எந்த ஒழுங்கும் இல்லாமல் தூவிய போலிக் குவாசர்களை அதே வழிமுறையில் தேடச் சொன்னார். அந்தப் போலிகளிலும் அதே அளவுக் கூட்டங்கள் தாராளமாகக் கிடைத்தன. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பதில் அதுதான். எதிர்த்து வாதாடாமல், போலியைச் செய்து காட்டிவிட்டார்.

நீங்களும் போலி வானம் செய்யுங்கள். வலஏற்றத்தை 0 முதல் 360 வரை சமமாகத் தூவலாம். நடுவரை விலக்கத்தை அப்படித் தூவக் கூடாது, துருவங்களில் குவிந்துவிடும். அதன் சைன் மதிப்பை −1 முதல் +1 வரை சமமாகத் தூவுங்கள். பிறகு ஒவ்வொரு புள்ளியும் விழுந்த இடத்தின் தேர்வு அளவைப் பார்த்து, 0.8 என்றால் பத்தில் எட்டை வைத்துக்கொண்டு இரண்டைத் தள்ளுங்கள். இப்படி நூறு வானம். உங்கள் உண்மை வானத்தில் எதையாவது கண்டால், நூறு போலிகளில் எத்தனையில் அது தெரிகிறது என்று எண்ணுங்கள். பத்தில் தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

உண்மையான கொத்து இருக்கிறதா என்றால், இருக்கிறது. குவாசர்கள் கொஞ்சம் சேர்ந்து நிற்கத்தான் செய்கின்றன, ஆனால் படத்தைப் பார்த்துத் தெரியாது. ஜோடி ஜோடியாகத் தூரம் அளந்து, போலியில் எத்தனை ஜோடி, உண்மையில் எத்தனை என்று ஒப்பிட வேண்டும். 13 லட்சத்தில் சுமார் 84,000 கோடி ஜோடிகள் வரும். அத்தனையையும் ஒவ்வொன்றாக எண்ணக் கிளம்பாதீர்கள், ட்ரீகார் என்ற நிரல்தொகுதி குறுக்கு வழியில் செய்து தரும். செம்பெயர்ச்சி வாரியாகப் பிரித்துப் பார்க்கிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: நிறத்தை வைத்துப் பொறுக்கிய பட்டியல்களில் செம்பெயர்ச்சி 2.7 அருகே ஒரு குழி விழும். அந்தத் தூரத்தில் குவாசரின் நிறம் சாதாரண விண்மீன்களின் நிறத்தோடு கலந்துவிடுகிறது. பிரபஞ்சம் அந்தக் காலத்தில் ஓய்வெடுத்ததாக எழுதிவிடாதீர்கள்.

வானம் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா

கடைசி வேலை, சுவாரசியமான வேலை. சாரல் மழையில் டிவிஎஸ் 50 ஓட்டினால் முன்சட்டைதான் அதிகம் நனையும். அதுபோல நாம் ஒரு திசையில் ஓடிக்கொண்டிருந்தால் அந்தத் திசையில் குவாசர்கள் கொஞ்சம் நெருங்கித் தெரிய வேண்டும். கொஞ்சம் பிரகாசமாகவும் தெரிவதால், எல்லையைத் தாண்டிக் கூடுதலாகச் சில பட்டியலுக்குள் நுழையும். சூரியக் குடும்பம் நொடிக்கு சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் சிம்மத்துக்குத் தெற்கே, வலஏற்றம் 168, விலக்கம் −7 என்ற திசையை நோக்கிப் போகிறது என்று அண்ட நுண்ணலைப் பின்னணி, அதாவது பிரபஞ்சத்தின் ஆரம்பச் சூட்டின் மிச்ச ஒளி, காட்டுகிறது. அதற்கேற்ற சாய்வு குவாசர் எண்ணிக்கையில் எவ்வளவு வரவேண்டும் என்ற சூத்திரத்தை எல்லிஸும் பால்ட்வினும் 1984இல் தந்தார்கள். சதவீதத்தில் ஒன்றுகூட இல்லை, கேட்வைஸ் குவாசர்களுக்கு 0.7 அளவில்.

2021இல் நேதன் செக்ரெஸ்ட் குழு கேட்வைஸிலிருந்து 13.6 லட்சம் குவாசர்களை எடுத்து அளந்தது. திசை ஓரளவு ஒத்துப்போனது. அளவு மட்டும் 1.55 சதவீதம், எதிர்பார்த்ததைப் போல் இரண்டு மடங்கு. நம் வேகம் தப்பா, பிரபஞ்சம் சீரானது என்ற எண்ணம் தப்பா, பட்டியலில் இன்னும் ஒரு நீடில் லைன் ஒளிந்திருக்கிறதா? சண்டை ஓயவில்லை. மெஷினைத்தான் முதலில் சந்தேகப்படுவேன் நான், அது என் தொழில் புத்தி.

உங்கள் வரைபடத்தில் இதைச் செய்ய ஹீல்பையில் டைபோல், அதாவது இந்த ஒரு பக்கச் சாய்வைப் பொருத்தும் கட்டளை ஒன்று தயாராக இருக்கிறது. முகமூடி போட்ட, அதாவது பால்வீதிப் பட்டையில் நீக்கிய பெட்டிகளை அதற்குச் சொல்லிவிட மறக்காதீர்கள்; பூஜ்ஜியமாக விட்டால் அவற்றையும் உண்மை என்று எடுத்துக்கொள்ளும். பாதி வானத்தை மறைத்த பின் வெறும் தற்செயலே 0.3 சதவீத அளவுக்கு ஒரு போலிச் சாய்வைத் தரும், ஆகவே நூறு போலி வானங்களிலும் இதே கட்டளையை ஓட்டுங்கள். அப்புறம் முகமூடியை 20, 30, 40 டிகிரி என்று மாற்றிப் பாருங்கள். திசை ஏறக்குறைய ஓரிடத்தில் நின்றால் ஏதோ இருக்கிறது. முகமூடிக்கு முகமூடி திசை ஓடிக்கொண்டே இருந்தால் நீங்கள் அளப்பது தூசை. என் மருமகப்பிள்ளைக்கு முதல் தடவை பால்வீதி மையத்துக்கு நேர் எதிர்த்திசை வந்தது. "மாமா, இது நம்ம தூசுதானுங்களே?" என்று அவனே சொல்லிவிட்டான். தேர்வு வரைபடத்தால் வகுக்க மறந்திருந்தான்.

நடுவே ஒரு ராத்திரி

இத்தனையும் திரையிலேயே பார்த்தால் சலித்துவிடும். ஏப்ரல் கடைசி, மே முதல் வாரத்தில் இரவு ஒன்பதரை மணிவாக்கில் கன்னி ராசி நம் ஊரில் ஏறக்குறைய உச்சிக்கு வந்துவிடும். சித்திரை நட்சத்திரத்தைப் பிடித்து, அங்கிருந்து மேற்கே கன்னியின் மங்கலான விண்மீன்கள் வழியாக ஈட்டா கன்னிவரை போய், அதிலிருந்து வடகிழக்கே மூன்றரை டிகிரி. 3சி 273 அங்கே இருக்கிறது. பொலிவு சுமார் 12.9. எட்டு அங்குலத் தொலைநோக்கியும் நல்ல இருட்டும் வேண்டும். திருப்பூர், கோவை வெளிச்சத்தில் நடக்காது. தாராபுரம் தாண்டி மேட்டாங்காட்டில் நானும் அவனும் ஒரு நண்பரின் தொலைநோக்கியோடு போனோம். அச்சடித்த வரைபடத்தை வைத்து முக்கால் மணி நேரம் தேடினோம். கிடைத்தது, ஒரு மங்கலான புள்ளி. பக்கத்தில் இருந்த விண்மீனுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. "இதுதானா?" என்றான். இதுதான். இந்த மாதிரிப் புள்ளிகளை விண்மீன்களிலிருந்து பிரிப்பது ஏன் கஷ்டம் என்பது அன்று அவனுக்குச் சொல்லாமலே விளங்கியது.

ஒரு நோட்டு வைத்துக்கொள்ளுங்கள்

செக்கிங் டேபிளில் ரோல் நம்பர், லாட் நம்பர் எழுதாமல் எந்தத் துணியும் நகராது. இங்கும் அப்படியே. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, எந்தப் பட்டியல், எந்தப் பொலிவு எல்லை, முகமூடி எத்தனை டிகிரி, தேர்வு அளவு எதற்குக் கீழ் தள்ளினீர்கள், வந்த விடை என்ன, எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதுங்கள். கோப்புக்கு 'புதிது', 'கடைசி', 'கடைசி2' என்று பெயர் வைக்காதீர்கள். போன மாசி மாதம் என் திரையில் 0.009 என்று ஒரு சாய்வு வந்தது. திசையும் சிம்மத்துப் பக்கம். படத்தைச் சேமித்தேன், எந்த முகமூடியில் வந்தது என்று எழுதி வைக்கவில்லை. அந்த எண்ணை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.